குன்றின் மேல் எத்தனை நாள்? பழைய நகரங்களின் உள்கோட்டை பற்றி ஓர் எளிய விளக்கம்

அக்ரோபோலிஸ் என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளைப் பளிங்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு கோயில். “அக்ரோபோலிஸ் பார்த்தேன், கூரைதான் இல்லை” என்று ஏதென்ஸுக்குப் போய்வந்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது பார்த்தனான் என்ற கோயிலை. அக்ரோபோலிஸ் என்பது அந்தக் கோயில் நிற்கும் குன்று. அதுவும் ஏதென்ஸுக்கு மட்டும் உரிய பெயர் இல்லை. பழைய கிரேக்க நகரங்கள் பலவற்றுக்கு இப்படி ஓர் அக்ரோபோலிஸ் இருந்தது.

இன்னொரு தவறான படமும் உலவுகிறது. மலைமேல் பெரிய கோட்டை, அதற்குள் ராஜா, அரண்மனை, படை, கடைத்தெரு, மக்கள் என்று மொத்த ஊரும் அடங்கியிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருந்த இடங்களும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் ஊர் கீழேதான் இருந்தது. மேலே இருந்தது வேறு ஒரு தேவைக்கான இடம். அந்தத் தேவை என்ன, அந்த இடம் எப்படி வேலை செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம்

ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயலும் கிணறும் தாழ்வான இடத்தில்தான் இருக்கின்றன, அதனால் வீடுகளும் அங்கேதான். மழை வலுத்து ஆறு கரை ஏறும் ராத்திரியில் எல்லோரும் எங்கே போவார்கள்? மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு. நகை, நிலப் பத்திரம், அரிசி மூட்டை, ஒரு குடம் தண்ணீர், முடிந்தால் ஆட்டையும் இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க யாரும் போவதில்லை. வெள்ளம் வடியும்வரை தாக்குப்பிடிக்கப் போகிறார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் செய்யும் வேலையைத்தான் உள்கோட்டை செய்தது. நகரத்தின் ஒரு பகுதியாக, அதன் மிக உயரமான இடத்தில், தனக்கென்று தனி மதிலோடு இருக்கும் காவல் இடம்தான் உள்கோட்டை. கிரேக்கத்தில் ‘அக்ரோஸ்’ என்றால் உச்சி, ‘போலிஸ்’ என்றால் நகரம். உச்சி நகரம், அவ்வளவுதான் அந்தப் பெயரின் பொருள். ரோமாபுரியில் இதே போன்ற இடத்துக்கு ஆர்க்ஸ் என்று பெயர்.

ஏதென்ஸின் குன்று சுற்றியுள்ள ஊரைவிட ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் தட்டையான உச்சி சுமார் 3 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழு ஏக்கர் சொச்சம். ஒரு நகரமே குடியிருக்க அது போதாது. ஆரம்பத்தில் ஊர் சிறிதாக இருந்தபோது நிலைமை வேறு. பழைய காலத்தில் அந்தக் குன்றும் அதன் தெற்கு அடிவாரமும்தான் நகரமாக இருந்தது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். அவர் காலத்திலும் ஏதென்ஸ்காரர்கள் அந்தக் குன்றை வெறுமனே ‘போலிஸ்’, அதாவது ‘ஊர்’ என்றே சொன்னார்களாம். ஊர் வளர்ந்து கீழே பரவியது, பழைய பெயர் மட்டும் மேலேயே தங்கிவிட்டது.

## இன்வெர்ட்டரிடம் கேட்கும் கேள்வி

கோட்டை என்றால் எதிரி நுழையவே முடியாத இடம் என்று நினைக்கிறோம். உள்கோட்டையைப் புரிந்துகொள்ளத் தடையாக இருப்பதே இந்த எண்ணம்தான்.

வீட்டு இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது கரண்ட்டைத் தயாரிப்பதில்லை. போன கரண்ட் திரும்பி வரும்வரை சமாளிக்க உதவுகிறது. அதனால்தான் கடையில் நாம் முதலில் கேட்பது, “எத்தனை மணி நேரம் வரும்?” உள்கோட்டையிடம் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்: எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு முற்றுகை என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டையைச் சுற்றி வளைத்து, உள்ளே எதுவும் போகாமல், வெளியே யாரும் வராமல் தடுத்து, உள்ளே இருப்பவர்கள் தாமாகப் பணியும்வரை காத்திருப்பதுதான் முற்றுகை. காத்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம். வெளியே கூடாரம் போட்டிருக்கும் படைக்கும் தினமும் சாப்பாடு வேண்டும். கிரேக்க நகரங்களின் படைவீரர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அறுவடைக் காலம் வந்தால் அவர்கள் மனம் ஊருக்குப் போய்விடும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கினால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பரவும். வெளியே இருப்பவர்களுக்குப் பொறுமை தீரும் நாள்வரை உள்ளே சாப்பாடும் தண்ணீரும் இருந்தால், கோட்டை ஜெயித்துவிட்டது.

ஆக, உள்கோட்டை வாங்கித் தருவது நாட்களை. உயரம், மதில், வாசல், தண்ணீர் எல்லாமே அந்த நாட்களைக் கூட்டுவதற்காகத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாகவே விளங்கும்.

## உயரம் என்ன செய்கிறது?

மேலே நிற்பவர் கல்லைக் கீழே உருட்டினால் போதும், மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும். கீழே நிற்பவர் அதே கல்லை மேலே எறிய முடியாது. கவசமும் கேடயமுமாக ஏறுகிறவர் உச்சிக்கு வரும்போதே பாதி களைத்திருப்பார்.

பலரும் கவனிக்காத இன்னொரு லாபமும் உண்டு. செங்குத்தான பாறை என்பது இயற்கை கட்டிக்கொடுத்த மதில். ஏதென்ஸ் குன்று மூன்று பக்கமும் செங்குத்து, மேற்கில் மட்டும்தான் ஏறுவதற்குத் தோதான சரிவு. அதனால் காவலுக்கு நிறுத்த வேண்டிய ஆட்களில் பெரும்பகுதியை அந்த ஒரு பக்கத்தில் குவிக்கலாம். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் குன்றின் விளிம்பைச் சுற்றி சுமார் 760 மீட்டர் நீளத்துக்குப் பெரும் பாறைகளை அடுக்கி மதில் எழுப்பினார்கள். இதே பாணி மதில்கள் மைசீனி, டிரின்ஸ் போன்ற பழைய கிரேக்கக் கோட்டைகளிலும் உண்டு. பின்னாளில் வந்த கிரேக்கர்கள் அந்தக் கற்களின் அளவைப் பார்த்து, இது மனிதர் வேலையாக இருக்காது, சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் ராட்சதர்கள்தான் கட்டியிருக்க வேண்டும் என்று நம்பினார்கள். அதனால்தான் இந்த வகைக் கட்டுமானத்துக்கு இன்றும் சைக்ளோப்பிய மதில் என்று பெயர்.

## மைசீனியின் வாசல்

மதில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வாசல் என்று ஒன்று வைத்துத்தான் ஆக வேண்டும். அதுதான் பலவீனமான இடம். அந்தப் பலவீனத்தையே ஆயுதமாக்கினார்கள் மைசீனிக்காரர்கள்.

கி.மு. 1250 வாக்கில் கட்டிய சிங்க வாசலுக்கு முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் கேடயம், வலது கையில் ஈட்டி. இடது பக்கம் மதில் உங்களோடு கூடவே வருகிறது. வலது பக்கம் சதுரக் கற்களால் ஆன மேடை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. நேர் எதிரே, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் அகலமுமான வாசல். அதன் தலைக்கு மேல் முக்கோணக் கல்லில் ஒரு தூணுக்கு இருபுறமும் எழுந்து நிற்கும் இரண்டு சிங்கங்கள். நீங்கள் வந்து நிற்பது மூன்று பக்கமும் அடைபட்ட ஒரு முற்றத்தில். வலது பக்க மேடையில் நிற்பவர்கள் கல்லையும் ஈட்டியையும் எறிவது உங்கள் வலது தோளுக்கு. கேடயமோ இடது கையில். திரும்பி அதைத் தடுக்கப் பார்த்தால், முதுகை இடது மதிலுக்குக் காட்ட வேண்டும். இப்படி யோசித்து வாசல் கட்டியவர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை.

இதுவரை வந்தது இவ்வளவு: உயரம் ஏறுகிறவரைக் களைப்பாக்குகிறது, பாறை மதிலின் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது, வாசல் உள்ளே வர நினைப்பவரை ஒரு பொறிக்குள் இழுக்கிறது. சரி, எதிரி ஏறவே வரவில்லை, கீழே உட்கார்ந்துகொண்டு காத்திருக்கிறான் என்றால்?

## தண்ணீர்தான் எல்லாம்

தானியத்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கலாம். மனிதன் சாப்பாடு இல்லாமல் சில வாரம்கூட இருந்துவிடுவான், தண்ணீர் இல்லாமல் சில நாள்தான். குன்றின் மேல் தண்ணீர் இருப்பதோ அபூர்வம்.

ஏன் என்பதற்கு ஏதென்ஸ் குன்றே நல்ல பாடம். அதன் மேல்பகுதி சுண்ணாம்புப் பாறை. அதில் விரிசல்கள் நிறைய, மழை பெய்தால் தண்ணீர் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அடியில் தண்ணீரை உறிஞ்சாத களிப்பான அடுக்கு ஒன்று இருக்கிறது. இறங்கிய தண்ணீர் அதன் மேல் வந்து தங்கி, பக்கவாட்டில் ஓடி, குன்றின் இடுப்பிலும் அடிவாரத்திலும் ஊற்றாகக் கசிகிறது. வடமேற்குச் சரிவில் உள்ள கிளெப்சிட்ரா என்ற ஊற்று அப்படிப்பட்டது. அதாவது, காவல் இருப்பது மேலே, தண்ணீர் இருப்பது கீழே. குன்றுக்கோட்டைகளின் தீராத தலைவலி இதுதான்.

கி.மு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வடக்கு விளிம்பில் பாறை தானாகவே பிளந்து ஓர் இடுக்கு இருந்தது. அதற்குள் எட்டு அடுக்காகப் படிக்கட்டு அமைத்தார்கள். மேல் அடுக்குகள் மரத்தால், கீழே போகப் போகக் கல்லால். அடியில் ஒரு கிணறு. உச்சியிலிருந்து கிணற்றின் தரைவரை 30 மீட்டருக்கும் மேலே, பத்து மாடிக் கட்டடத்தின் ஆழம். வெளிச்சம் இல்லாத அந்தக் குறுகிய இடுக்கில், ஈரம் படிந்த படிகளில், கையில் விளக்கும் தலையில் அல்லது தோளில் மண்குடமுமாக ஒருவர் ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். நிறைகுடத்தோடு ஏறுவது எப்படி இருக்கும் என்று நம் ஊரில் குடம் சுமந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரிக்குத் தெரியாமல், மதிலுக்கு வெளியே ஓர் அடி எடுத்து வைக்காமல் தண்ணீர் கிடைத்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், 25 முதல் 30 ஆண்டுகள்தான். கீழ்ப்படிகள் சரிந்ததும் கிணறு குப்பை கொட்டும் குழியாகிவிட்டது. 1930களில் அகழாய்வாளர்கள் அந்தக் குப்பையை அள்ளி, உள்ளே கிடந்த பானை ஓடுகளைக் கொண்டு அதன் வயதைக் கணித்தார்கள்.

மைசீனியிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே கவலை. அங்கே கோட்டையின் வடகிழக்கு மூலையில் மதிலை நீட்டி, பூமிக்கடியில் 18 மீட்டர் ஆழத்துக்குப் படிகள் இறக்கினார்கள். வெளியே உள்ள ஊற்றிலிருந்து மண்ணுக்குள் புதைத்த சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் அங்கே வந்து சேர்ந்தது. மேலே நடக்கும் எதிரிக்குத் தன் காலடியில் தண்ணீர் ஓடுவது தெரியாது.

துருக்கியில் இருக்கும் பெர்கமோன் நகரத்துக்காரர்கள் இன்னும் துணிந்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் 40 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நடுவே உள்ள பள்ளத்தாக்கில் இறக்கி, அழுத்தத்தாலேயே தண்ணீரைக் குன்றின் மேல் ஏற்றினார்கள். பொறியியலில் பெரிய சாதனை. ஆனால் அது அமைதிக் காலத்து ஏற்பாடு. முற்றுகை வந்தால் எதிரி முதலில் உடைப்பது அந்தக் குழாயைத்தான். அப்போது கைகொடுப்பது மழைநீரைச் சேர்த்து வைத்த தொட்டிகள் மட்டுமே.

உச்சியிலேயே ஊற்று உள்ள கோட்டையும் உண்டு. கொரிந்த் நகரத்தின் அக்ரோகொரிந்த் 575 மீட்டர் உயரம், அதன் மேலேயே ஓர் ஊற்று இருக்கிறது. அதனால்தான் அந்த மலையை யார் பிடிப்பது என்று பல நூற்றாண்டுகள் போட்டி நடந்தது.

## ஏதென்ஸ் குன்றின் நாள் கணக்கு

இனி, ஒரே குன்றில் நடந்த நான்கு சம்பவங்களைப் பார்ப்போம்.

கி.மு. 632 வாக்கில் சைலோன் என்பவர் ஏதென்ஸின் ஆட்சியைப் பிடிக்க நினைத்தார். ஒலிம்பிக்கில் ஜெயித்தவர், ஊரறிந்த ஆள். ஆட்களோடு போய் அக்ரோபோலிஸைக் கைப்பற்றினார். மக்கள் சுற்றி வளைத்தார்கள். உள்ளே சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்தன. சைலோன் தப்பிவிட்டார், பசியில் துவண்டு பலிபீடத்தில் தஞ்சம் புகுந்த அவருடைய ஆட்களை, ஒன்றும் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வெளியே அழைத்துவந்து கொன்றார்கள். தூசிடிடீஸ் சொல்லும் கதை இது.

கி.மு. 510இல் ஹிப்பியாஸ் என்ற சர்வாதிகாரி அதே குன்றில் முற்றுகைக்கு ஆளானார். இவர் சைலோன் செய்த தவறைச் செய்யவில்லை. உணவும் குடிநீரும் வேண்டிய அளவு இருந்தன. முற்றுகையிட்டவர்கள் ஸ்பார்ட்டா என்ற இன்னொரு கிரேக்க நகரத்துக்காரர்கள், சில நாளில் கிளம்பியிருப்பார்கள் என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஆனால் ஹிப்பியாஸ் தரப்பினர் தங்கள் பிள்ளைகளை ரகசியமாக வெளியே அனுப்ப முயன்றபோது அவர்கள் பிடிபட்டார்கள். பிள்ளைகளுக்காக ஐந்து நாளில் நாட்டைவிட்டுப் போக அவர் சம்மதித்தார். இங்கே தோற்றது மதில் இல்லை.

இரண்டே வருடத்தில், ஹிப்பியாஸைத் துரத்திய அதே ஸ்பார்ட்டா அரசர் கிளியோமினீஸ் தாமே அந்தக் குன்றுக்குள் மாட்டிக்கொண்டார். முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் ஏறியவர். இரண்டு நாள் முற்றுகை, மூன்றாம் நாள் சமாதானம் பேசி இறங்கிப் போனார்.

கி.மு. 480இல் பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் வந்தார். நகரத்து மக்கள் பெரும்பாலும் படகுகளில் தப்பிவிட்டார்கள். கோயில் பொருளாளர்களும், போக வசதியில்லாத ஏழைகளும் குன்றின் மேலேயே தங்கி, பலகைகளால் தடுப்பு கட்டிக்கொண்டார்கள். பாரசீகர்கள் எதிரே இருந்த ஏரியோபகஸ் குன்றிலிருந்து, நார் சுற்றிக் கொளுத்திய அம்புகளை எய்து அந்தப் பலகைகளை எரித்தார்கள். மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். அந்தச் சிறு கூட்டத்திடம் செர்க்சஸ் நெடுநேரம் திணறியதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கடைசியில் யாரும் ஏற மாட்டார்கள் என்று காவல் போடாமல் விட்ட செங்குத்தான ஒரு பக்கத்தில் சில பாரசீக வீரர்கள் ஏறிவிட்டார்கள். இயற்கை மதிலை நம்பி ஆளைக் குறைத்தால் லாபம் என்று மேலே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது.

## கோட்டை யாருக்கு எதிராக?

இந்த நான்கு கதைகளில் முதல் மூன்றில் குன்றைச் சுற்றி நின்றவர்களில் ஏதென்ஸ் மக்களும் இருந்தார்கள். வெளிநாட்டுப் படைக்காகக் கட்டிய மதில், ஊரை அடக்க நினைப்பவருக்கும் அதே அளவு பயன்படும். ராஜாவுக்கும் சிலர் கூடி ஆளும் ஆட்சிக்கும் உள்கோட்டை பொருந்தும், மக்களாட்சிக்குச் சமதளமே பொருந்தும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அவர் இதை அனுபவம் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கி.மு. 382இல் ஸ்பார்ட்டாவின் படை தீப்ஸ் நகரத்தின் உள்கோட்டையான காத்மியாவில் புகுந்துகொண்டு, கி.மு. 379வரை அந்த நகரத்தையே பிடியில் வைத்திருந்தது. ஊர் முழுவதும் படை நிறுத்தத் தேவையில்லை, மேட்டைப் பிடித்தால் போதும்.

கொரிந்திலும் இதே கதைதான். அந்த மலையில் மாசிடோனிய அரசர்களின் காவல்படை இருந்தது. கி.மு. 243இல் அராட்டஸ் என்ற தலைவர் ஒரு ராத்திரியில் ஏணி வைத்து ஏறி அதைப் பிடித்தார். அப்புறம் அவர் அங்கே நிறுத்திய காவல் 400 வீரர்கள், 50 நாய்கள், அந்த நாய்களைப் பார்த்துக்கொள்ள 50 ஆட்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். அவ்வளவு பெரிய மலையின் இருட்டில் மனிதக் கண் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தானே ராத்திரியில் ஏறியவர் அல்லவா!

## அப்படியானால் கோயில் எப்படி வந்தது?

உச்சியில் தெய்வம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பத்திரமான இடத்தில் தெய்வத்தை வைத்தார்கள், தெய்வத்தின் பக்கத்தில் பணத்தை வைத்தார்கள். கி.மு. 431இல் அந்தக் குன்றின் மேல் 6,000 தாலந்து வெள்ளிக் காசு இருந்ததாகத் தலைவர் பெரிக்ளீஸ் மக்களுக்குக் கணக்குச் சொன்னார். தாலந்து என்பது சுமார் 26 கிலோ எடை. அதோடு ஊரின் காவல் தெய்வமான அத்தீனாவின் சிலை மேல் இருந்த 40 தாலந்து தங்கம், அதாவது ஏறத்தாழ ஒரு டன், கழற்றி எடுக்கும்படியாகவே செய்யப்பட்டிருந்தது. அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டுப் பிறகு திருப்பி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பாரசீகர்கள் எரித்துவிட்டுப் போன பிறகு ஏதென்ஸ்காரர்கள் பாதுகாப்பைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஊர் முழுவதையும் சுற்றி மதில், அப்புறம் துறைமுகம்வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுமதில்கள். கப்பலில் தானியம் வந்துகொண்டிருக்கும்வரை முற்றுகை பலிக்காது. அடைக்கலம் தரும் வேலை குன்றிலிருந்து இறங்கி ஊர் மதிலுக்குப் போய்விட்டது. மேலே இடம் காலியானது. கி.மு. 447இல் பார்த்தனான் வேலை தொடங்கியது அதற்கு அப்புறம்தான்.

குன்றின் வடக்கு மதிலைக் கீழே ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால், கற்களுக்கு நடுவே பெரிய பளிங்கு உருளைகள் வரிசையாகப் பதிந்திருப்பது இன்றும் தெரியும். பாரசீகர்கள் வந்தபோது பாதி கட்டியிருந்த பழைய கோயிலின் தூண் துண்டுகள் அவை. வேறு கல் கிடைக்காமல் அங்கே வைக்கவில்லை. கடைத்தெருவில் நடக்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள்.

## மேடெல்லாம் உள்கோட்டை இல்லை

மொகஞ்சதாரோவின் மேற்கு மேட்டுக்கு அகழாய்வாளர்கள் ‘சிட்டடல்’, அதாவது உள்கோட்டை என்று பெயர் வைத்ததால், அங்கேயும் ராஜா, படை, முற்றுகை என்று பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அந்த மேட்டில் கிடைத்தது பெருங்குளமும் பெரிய கட்டடங்களும். இதுதான் அரண்மனை என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. அது செங்கல்லால் உயர்த்திய செயற்கை மேடு. பக்கத்திலேயே சிந்து நதி. பெயரைக் கேட்டவுடன் ஏதென்ஸை நினைக்காமல், அங்கே என்ன கிடைத்தது என்று பார்ப்பதுதான் நல்லது.

## மறுபடியும் அதே ஊற்று

ஏதென்ஸ் குன்று பழங்காலத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1687இல் அது ஒட்டோமான் என்ற துருக்கியப் பேரரசின் படைக்குக் கோட்டை. பார்த்தனானுக்குள் வெடிமருந்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று வெனிஸ் படையின் குண்டு அதில் விழுந்தது. இன்று நாம் பார்க்கும் கூரையில்லாத கோயில் அந்த நாளின் மிச்சம்.

1821இல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியபோது அதே குன்றில் ஒட்டோமான் காவல்படை இருந்தது. கீழே கிரேக்கர்கள் முற்றுகை. பீரங்கிக் காலம் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. மேலே தண்ணீர் தீர்ந்தது, 1822 ஜூனில் அவர்கள் சரணடைந்தார்கள். குன்று கைக்கு வந்தது, சரி. நாளை நாமே மேலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கிரேக்கர்கள் யோசித்தார்கள். மண்மூடிப் போயிருந்த கிளெப்சிட்ரா ஊற்று அந்த வருடம் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. தளபதி ஒடிசியஸ் ஆந்த்ரூட்சோஸ் அதைச் சுற்றி ஒரு கொத்தளம் கட்டி, ஊற்றைக் கோட்டைக்குள் சேர்த்துக்கொண்டார். நான்கே வருடத்தில் அந்த நாள் வந்தது. 1826 ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகையில், உள்ளே இருந்த கிரேக்கர்கள் 1827 ஜூன்வரை தாக்குப்பிடித்தார்கள்.